செல்போன் இன்சூரன்ஸ்: முதலில் டிஸ்பிளே விலையைக் கேளுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பல்லடத்தில் வீடு, திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. போன வாரம் 32,000 ரூபாய்க்குத் தவணையில் ஒரு போன் வாங்கியிருக்கிறீர்கள். 2,799 ரூபாய் கட்டினால் ஓராண்டுக்கு ‘ஃபுல் கவர்’ என்று கடைக்காரர் சொல்கிறார். வெட்டிச் செலவு என்கிறார் மாமா. போடாமல் விட்டால் பின்னால் வருத்தப்படுவீர்கள் என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். பொங்கலூர் பக்கம் தோட்டத்தில் இருக்கும் அப்பாவின் 9,000 ரூபாய் போனுக்கும், கோவையில் படிக்கும் தங்கைக்குப் பெரியப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த போனுக்கும் சேர்த்துப் போட்டுவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

மூன்று போனுக்கும் ஒரே பதில் கிடையாது. அப்பாவின் போனுக்கு வேண்டாம். தங்கையின் போனுக்கு நீங்கள் நினைத்தாலும் கிடைப்பது கடினம். உங்கள் போனுக்கு மட்டும் யோசிக்க இடம் இருக்கிறது. அதுவும் கடைக்காரர் நீட்டும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கோவை அலுவலகத்தில் கிளெய்ம், அதாவது இழப்பீட்டுக் கோரிக்கைப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். லாரி, விசைத்தறி, கோழிப்பண்ணை என்று வரும் கோப்புகளுக்கு நடுவே கடைசிக் காலத்தில் செல்போன் கோப்புகளும் வரத் தொடங்கின. தொகை சிறியதுதான். ஆனால் ‘பணம் கட்டினேனே, ஏன் கிடைக்கவில்லை?’ என்ற ஆற்றாமையை அந்தக் கோப்புகளில்தான் அதிகம் பார்த்தேன். பெரும்பாலும் அதற்கான காரணம் பணம் கட்டிய நாளிலேயே உருவாகியிருந்தது. அதனால்தான் சற்று நீளமாக எழுதுகிறேன்.

போனின் விலையை ஒரு நிமிடம் மறந்துவிடுங்கள். கைதவறி விழும் போனில் பெரும்பாலும் போவது டிஸ்பிளே. போன் மொத்தமாகப் போவது அரிது. ஆகவே நீங்கள் காப்பீடு செய்ய நினைக்கும் நட்டம் 32,000 ரூபாய் இல்லை. கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் அந்த மாடலுக்கு டிஸ்பிளே மாற்ற என்ன கேட்பார்களோ அந்தத் தொகை. பல கம்பெனிகள் உதிரிபாக விலைப்பட்டியலைத் தங்கள் இணையதளத்திலேயே வைத்திருக்கின்றன. இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டருக்கு போன் செய்து மாடல் பெயரைச் சொன்னால் சொல்லிவிடுவார்கள். ஒரே விலையுள்ள இரண்டு போன்களுக்கு இந்தத் தொகை பெரிய அளவில் மாறும். எல்.சி.டி. திரை மலிவு, அமோலெட் திரை அதைவிட விலை கூடியது, ஓரம் வளைந்த திரை இன்னும் கூடுதல். மடக்கும் போனின் உட்திரை உடைந்தால் அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல புதுப் போனே வாங்கிவிடலாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் போனுக்கு டிஸ்பிளே மாற்ற 10,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். உண்மை விலையைக் கேட்டு இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிளெய்முக்கும் உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய கட்டாயப் பங்கு ஒன்று இருக்கும். அதை 1,000 என்று வைப்போம். ஆக, உடைந்தால் உங்களுக்கு மிச்சமாவது 9,000. அதற்காக முன்கூட்டியே கட்டுவது 2,799. ஓராண்டுக்குள் இந்த போன் உடைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பாவது இருந்தால்தான் இந்தக் கணக்கு உங்களுக்குக் கட்டுப்படியாகும். இதுவரை வைத்திருந்த போன்களை நினைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது திரையை உடைக்கும் ஆளா நீங்கள்? ஆம் என்றால் வாங்கலாம். ஐந்தாறு ஆண்டாக ஒரு கீறல்கூட விழவில்லை என்றால் கணக்கு உங்கள் மாமாவின் பக்கம்.

அப்பாவின் போனுக்கு அதே கணக்கைப் போடுவோம். திட்டத்துக்கு 899 ரூபாய் என்கிறீர்கள். அந்த விலையில் உள்ள போனுக்கு டிஸ்பிளே 2,200 ரூபாய்க்குள் முடிந்துவிடும் என்று வையுங்கள். கட்டாயப் பங்கு 500 கழித்தால் மிச்சம் 1,700. இரண்டில் ஒரு பங்குக்கு மேல் உடையும் வாய்ப்பு இருந்தால்தான் 899 ரூபாய் கொடுப்பதில் பொருள் உண்டு. மலிவான போனுக்கு இன்சூரன்ஸ் எப்போதும் இப்படித்தான் முடியும். அந்தப் பணத்துக்கு நல்ல கவரும் டெம்பர் கிளாஸும் வாங்கிக் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளுங்கள்.

சராசரியாகப் பார்த்தால் எந்த இன்சூரன்ஸும் கட்டுகிறவருக்குச் சற்று நட்டம்தான். கட்டும் பணத்தில் விற்பவரின் கமிஷன், அலுவலகச் செலவு, கம்பெனியின் லாபம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. மேலே ஜி.எஸ்.டி. வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு அந்த வரி நீக்கப்பட்டது. செல்போன் காப்பீட்டுக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. இவ்வளவும் தெரிந்தே ஏன் காப்பீடு செய்கிறோம்? சில நட்டங்களை நம்மால் தாங்க முடியாது என்பதற்காக. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ஒரு ரிக் லாரி எரிந்துபோனால் ஒரு குடும்பம் எழுந்திருக்கவே முடியாது. அங்கே இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது. உடைந்த டிஸ்பிளே அந்த வகையைச் சேர்ந்ததா என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான்: நாளைக்கே திரை உடைந்தால் அந்த 10,000 ரூபாய் எங்கிருந்து வரும்? வங்கியில் சேமிப்பாக இருக்கிறது என்றால் இன்சூரன்ஸை விட்டுவிடலாம். ஏற்கெனவே மாதத் தவணை ஓடுகிறது, ஷிப்மென்ட் நேரத்தில் பையர் எந்நேரமும் போனில் அழைப்பார், ஒரு நாள்கூட போன் இல்லாமல் இருக்க முடியாது, கையில் பணமும் இல்லை, வட்டிக்கு வாங்கித்தான் சரிசெய்ய வேண்டும் என்ற நிலை இருந்தால் 2,799 ரூபாய் தவறான செலவு ஆகாது. வட்டிக்காரரிடம் போய் நிற்காமல் இருப்பதற்கான விலை அது.

நடுவில் இன்னொரு வழியும் இருக்கிறது. எங்கள் வீட்டில் நாங்கள் செய்வது அதுதான். வேண்டும்போது எடுக்கக்கூடிய ஒரு சேமிப்புக் கணக்கில் மாதந்தோறும் சிறு தொகை போட்டு வருவது. மூன்று போன்களுக்கும் சேர்த்து மாதம் 300 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 3,600. ஒரே ஆண்டில் மூன்றும் உடைவது அரிது. உடையாத ஆண்டில் பணம் உங்களிடமே இருக்கும். இரண்டாம் ஆண்டு முடிவில் 7,200 ரூபாய், அதாவது உங்கள் டிஸ்பிளே செலவில் பெரும்பகுதி சேர்ந்திருக்கும். இதில் ஒரு பலவீனம் உண்டு: முதல் மாதத்திலேயே உடைந்துவிட்டால் கணக்கில் 300 ரூபாய்தான் இருக்கும். அந்த முதல் ஆண்டுக்காக மட்டும் திட்டம் வாங்கிவிட்டு, அதே நேரத்தில் சேமிப்பையும் தொடங்கி, இரண்டாம் ஆண்டில் திட்டத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவது உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல ஏற்பாடு.

அடுத்தது அந்தத் தாள். கடையில் ‘இன்சூரன்ஸ்’ என்ற ஒரே பெயரில் விற்கப்படுவது உண்மையில் நாலு விதமான சரக்கு. போன் கம்பெனியே தரும் பாதுகாப்புத் திட்டம் ஒன்று. காப்பீட்டு நிறுவனம் தரும் உண்மையான பாலிசி இன்னொன்று. இரண்டுக்கும் இடையில் வேறொரு கம்பெனி நடத்தும் ‘புரொடெக்‌ஷன் பிளான்’ என்பது மூன்றாவது. இது பார்க்க பாலிசி போலவே இருக்கும். ஆனால் சட்டப்படி அது பழுதுபார்த்துத் தருவதாகச் சொல்லும் சேவை ஒப்பந்தமாக மட்டும் இருக்கலாம். நாலாவது எக்ஸ்டெண்டட் வாரண்டி. கம்பெனி தரும் ஓராண்டு வாரண்டி முடிந்த பிறகு இரண்டாம் ஆண்டுக்கு அதை நீட்டிப்பது. கீழே விழுந்து உடைந்தால் அதில் ஒரு பைசா வராது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், தகராறு வந்தால் நீங்கள் போக வேண்டிய வாசல் மாறிவிடும். உண்மையான பாலிசியில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் இருக்கும், நிறுவனத்தை ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்ற காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கட்டுப்படுத்துகிறது. சேவை ஒப்பந்தத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நுகர்வோர் ஆணையம் ஒன்றுதான் வழி. கடைக்காரரிடம், “இதில் பணம் தருவதாக உறுதி சொல்வது எந்தக் கம்பெனி? எந்தப் பக்கத்தில் அது எழுதியிருக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். அவர் விரலை வைத்துக் காட்டாவிட்டால் வாங்காதீர்கள். ‘ஃபுல் கவர்’ என்ற சொல்லை நான் பார்த்த எந்தத் தாளிலும் கண்டதில்லை. அது வாயால் சொல்லப்படுவது மட்டும்.

நாலில் எது நல்லது என்றால், விலை சற்றுக் கூடினாலும் போன் கம்பெனியின் சொந்தத் திட்டத்தைத்தான் சொல்வேன். உடைந்த போனைக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் நேரே கொடுக்கலாம், அசல் டிஸ்பிளே போடுவார்கள், கட்டாயப் பங்கு எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரியும், வயதுக்கு ஏற்ற தேய்மானக் கழிவு என்ற தலைவலி பெரும்பாலும் இருக்காது. ஆனால் வாங்கிய சில நாட்களுக்குள் எடுத்தாக வேண்டும்; அந்தக் கெடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்களுக்கு ஒரு வாரம் போய்விட்டது என்பதை மனதில் வையுங்கள்.

தேய்மானத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். போன் அடியோடு போய்விட்டால் நீங்கள் கொடுத்த 32,000 ரூபாய் திரும்பி வராது. அன்றைய தேதியில் அந்தப் பழைய போனுக்கு என்ன மதிப்போ அதுதான் கணக்கு. பத்தாவது மாதத்தில் பாதி விலையே கணக்கில் வரும் திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். பழுதுபார்க்கும் செலவு மதிப்பை நெருங்கினால் சில திட்டங்கள் பணத்துக்குப் பதிலாகச் சீர்செய்யப்பட்ட பழைய போன் ஒன்றைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடும். இதெல்லாம் ஏமாற்று இல்லை, தாளில் எழுதியிருக்கும். விற்கும்போது யாரும் படித்துக் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

விபத்துத் திட்டங்கள் பொதுவாகத் தொடாத பழுதுகளும் உண்டு. பேட்டரி தேய்வது, சார்ஜ் பின் தளர்வது, ஸ்பீக்கர் ஒலி குறைவது. நம் பக்கத்து மில்களிலும் பனியன் கம்பெனிகளிலும் பஞ்சுத் தூசி சார்ஜ் ஓட்டையில் அடைந்து கெட்டியாகி, சார்ஜ் ஏறவில்லை என்று வருகிறவர்கள் ஏராளம். அதற்கு இன்சூரன்ஸ் தேவையில்லை. போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இன்னொன்று, அமோலெட் திரையில் திடீரென்று மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு விழுவது. அது விபத்து இல்லை என்பதால் விபத்துத் திட்டத்தில் வராது. வாரண்டி இருந்தால் வாரண்டியில் வரும். வாரண்டி முடிந்த பிறகும் குறிப்பிட்ட சில மாடல்களுக்குக் கம்பெனிகள் இலவசமாகத் திரை மாற்றிக் கொடுத்திருக்கின்றன. ஆகவே பச்சைக் கோட்டைப் பார்த்தவுடன் பணம் கட்டிவிடாமல், உங்கள் மாடலுக்கு அந்தச் சலுகை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

தண்ணீர் அடுத்த பெரிய பிரச்சினை, குறிப்பாக அப்பாவுக்கு. தோட்டத்தில் இருப்பவர்கள் போனை மேல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு தொட்டிக்குள் குனிவார்கள்; மோட்டார் போட இரவில் டார்ச் வெளிச்சத்தோடு கிணற்று மேட்டுக்குப் போவார்கள். ‘வாட்டர் புரூஃப்’ என்று விற்ற போனாக இருந்தாலும் தண்ணீர் புகுந்தால் கம்பெனி வாரண்டி பேசாது. தூசியும் நீரும் புகாது என்று சொல்லும் ஐ.பி. 68 என்ற தரக்குறியீடு, புதுப் போனைச் சுத்தமான நீரில் சோதித்து வாங்கியது. போனுக்கு வயதாக ஆக ஓரத்தில் உள்ள ரப்பர் அடைப்பு தளரும். ஒரு தடவை கீழே விழுந்தாலும் தளரும். சர்வீஸ் சென்டரில் போனை நீட்டியதும் அந்தப் பையன் முதலில் சிம் தட்டை வெளியே இழுத்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பான். அங்கே சிறிய வெள்ளைச் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். ஈரம் பட்டால் அது சிவப்பாகிவிடும். பிறகு வெள்ளையாகத் திரும்பாது. நீங்கள் என்ன விளக்கம் சொன்னாலும் அந்தச் சிவப்பைத்தான் எழுதிக்கொள்வான்.

சோமனூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு கோப்பு இன்னமும் நினைவில் இருக்கிறது. தறி ஓட்டுகிறவர் ஒருவரின் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது. தண்ணீர்ச் சேதத்துக்கும் சேர்த்துப் பாலிசி எடுத்திருந்தவர். முறைப்படி பணம் கிடைத்திருக்க வேண்டியவர். ஆனால் ஒரு நாள் முழுக்க அரிசிக்குள் போனைப் புதைத்து வைத்திருக்கிறார். பிறகு ஊர்க் கடையில் கொடுத்துத் திறந்து பார்த்திருக்கிறார்கள். திருகு ஒன்று காணவில்லை, உள்ளே பசை மாறியிருக்கிறது. ‘அங்கீகாரம் இல்லாத இடத்தில் பிரிக்கப்பட்டது’ என்ற ஒரு வரியில் கோப்பு மூடப்பட்டது. அரிசி ஈரத்தை இழுப்பதைவிட, தவிட்டுத் தூளை சார்ஜ் ஓட்டைக்குள் அனுப்புவதுதான் அதிகம். போன் கம்பெனிகளே செய்யாதீர்கள் என்று சொல்கின்றன. தண்ணீரில் விழுந்தால் அணைத்துவிடுங்கள், சார்ஜில் போடாதீர்கள், துடைத்துக் காற்றோட்டத்தில் வையுங்கள், திட்டம் இருந்தால் அன்றே கிளெய்ம் எண்ணில் சொல்லிவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதுவரை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

திருட்டைப் பற்றித்தான் மக்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பல திட்டங்களில் திருட்டே கிடையாது; உடைவதும் தண்ணீரும் மட்டும்தான். திருட்டு உள்ள பாலிசியிலும் எல்லாத் திருட்டும் அடங்காது. பூட்டை உடைத்து உள்ளே வந்து எடுத்தால் உண்டு, தாக்கிப் பறித்தால் உண்டு. கவனிக்காமல் வைத்துவிட்டுப் போன இடத்திலிருந்து காணாமல் போனால் இல்லை. எப்படிப் போனது என்றே தெரியாமல் மறைந்தால் இல்லை.

காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறிய ஒரு ஜவுளிக்கடை ஊழியரின் கடிதம் எங்களிடம் வந்தது. மொத்தமே நாலு வரி. ஏறும்போது சட்டைப் பையில் இருந்தது, லட்சுமி மில்ஸ் ஸ்டாப்பில் இறங்கிப் பார்த்தபோது இல்லை, யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை, ஆவன செய்யவும். நேர்மையான மனிதர், நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தார். கூட்டத்தில் பிக்பாக்கெட் அடிக்கப்பட்டிருக்கும் என்பது எங்களுக்கும் தெரிகிறது. ஆனால் அவர் எடுத்திருந்த பாலிசியில் வன்முறை இல்லாத திருட்டு விலக்கப்பட்டிருந்தது. காவல் நிலையத்தில் அவருக்குக் கிடைத்ததும் சி.எஸ்.ஆர். ரசீதுதான், எஃப்.ஐ.ஆர். இல்லை. அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. அந்தப் பாலிசியை அவருக்கு விற்றவர், “திருட்டுக்கும் உண்டு” என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார். தினமும் பஸ்ஸில் போய்வரும் ஒருவருக்கு, பஸ்ஸில் நடக்கக்கூடிய திருட்டை விலக்கிவைத்த பாலிசியைத் திருட்டின் பெயரால் விற்பது பெரிய அநியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

இந்த சி.எஸ்.ஆர்., எஃப்.ஐ.ஆர். வேறுபாட்டைத் தெரிந்து வையுங்கள். நம் மாநிலத்துக் காவல் நிலையங்களில் மனு கொடுத்தால் பதிவேட்டில் ஏற்றி ஒரு ரசீது தருவார்கள், அது சி.எஸ்.ஆர். வழக்காகப் பதிந்தால்தான் எஃப்.ஐ.ஆர். திருட்டுக் கிளெய்முக்குப் பல நிறுவனங்கள் எஃப்.ஐ.ஆர். கேட்கும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்பவும் அதே பிரிவில் வழி இருக்கிறது. கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடினால் அது சாதாரணத் திருட்டாகாது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 304ஆம் பிரிவாகப் பறிப்பு என்ற தனிக் குற்றம் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. நடந்தது பறிப்பு என்றால் புகாரில் பறிப்பு என்றே எழுதுங்கள். ‘காணவில்லை’ என்று பொதுவாக எழுதிவிட்டால் பிறகு திருத்துவது கடினம். அதே நேரத்தில், கிளெய்ம் கிடைக்கட்டும் என்று யாராவது கதை மாற்றி எழுதச் சொன்னால் கேட்காதீர்கள். தொலைந்ததைத் திருட்டு என்றும், உடைத்ததை விபத்து என்றும் எழுதிய கோப்புகள் விசாரணையில் சுலபமாக வெளியே வந்துவிடும். போன பணத்தோடு பொய்ப் புகார் என்ற பழியும் சேரும்.

தங்கையின் போன் விஷயத்துக்கு வருகிறேன். திட்டம் வாங்கும்போது இந்தியாவில் வாங்கிய ஜி.எஸ்.டி. பில்லைக் கேட்பார்கள், அதில் உள்ள ஐ.எம்.இ.ஐ. எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) போனில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சிங்கப்பூர் பில் இருந்தால் பெரும்பாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு கடைக்காரர் பில்லே பார்க்காமல் பணத்தை வாங்கிக்கொண்டால் மகிழ்ச்சி அடையாதீர்கள். அந்தப் பில்லை கிளெய்ம் நேரத்தில் கேட்பார்கள். போன் கம்பெனியின் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பதை மட்டும் அவர்களுடைய இணையதளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குடும்பத்துக்கு ஏற்கெனவே வீட்டுக் காப்பீடு, அதாவது ஹவுஸ்ஹோல்டர்ஸ் பாலிசி இருந்தால், வெளியே எடுத்துச் செல்லும் மின்னணுப் பொருட்களை அதில் தனிப் பிரிவாகச் சேர்க்க முடியுமா என்று ஏஜெண்டிடம் கேட்கலாம்; சில பாலிசிகளில் அதற்கு இடம் இருக்கிறது.

உங்கள் போனின் பில்லும் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தவணை மாமா பெயரில், பில் மாமா பெயரில், போன் உங்கள் கையில் என்றால் அதைத் திட்டம் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

தவணையில் வாங்கியிருப்பதால் இன்னொன்றையும் உடனே பாருங்கள். கடன் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கி, கடன் தொகை எவ்வளவு என்று பாருங்கள். 32,000 ரூபாய் போனுக்கு நீங்கள் முன்பணம் கட்டிய பிறகும் கணக்குக்கு மேல் தொகை இருந்தால், ஏதோ ஒரு திட்டம் ஏற்கெனவே உள்ளே சேர்க்கப்பட்டிருக்கலாம். பூஜை, தீபாவளி விற்பனைக் கூட்டத்தில் கையெழுத்துப் போடும் அவசரத்தில் இது நடப்பதுண்டு. அப்படி இருந்தால் நீங்கள் இரண்டாவதாக ஒன்றை வாங்கப் போகிறீர்கள் என்று பொருள். வேண்டாம் என்றால் எழுத்து மூலம் ரத்து செய்யக் கேளுங்கள், வாய்ப்பேச்சு போதாது. சில நேரங்களில் அது போனுக்கான காப்பீடாகவே இருக்காது. கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடாக இருக்கும். திரை உடைந்த அன்று அதைக் கண்டுபிடிப்பதைவிட இன்றே படித்துவிடுவது நல்லது.

திட்டம் எடுத்துவிட்டீர்கள், ஒரு நாள் போன் உடைந்தும் விட்டது என்றால், சேதத்தை உடனே படம் எடுங்கள். எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று தாளில் இருக்கும். 24 அல்லது 48 மணி நேரம் என்று இருப்பது வழக்கம். பதிவு செய்த எண்ணைக் குறித்து வையுங்கள். போனைக் கொடுக்கும் முன் படங்களையும் தொடர்புகளையும் வேறிடத்தில் சேமித்துவிட்டு கூகுள் கணக்கை நீக்கச் சொல்வார்கள். திரை முழுதும் கறுத்துவிட்டால் அது முடியாது. அதனால் தானாகச் சேமிக்கும் வசதியை இப்போதே போட்டு வையுங்கள்.

மறுத்துவிட்டால் அதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உண்மையான பாலிசி என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். பிறகு ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகார் செய்யலாம். ஒரு மாதம் ஆகியும் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும், சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு, அதாவது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு, ஓராண்டுக்குள் எழுதலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டாம். சேவை ஒப்பந்தமாக இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்குங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி பெங்களூரில் இருக்கிறதா மும்பையில் இருக்கிறதா என்ற கவலை வேண்டாம். கெடு இரண்டு ஆண்டு. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை.

இன்சூரன்ஸ் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மூன்று போனுக்கும் இன்றிரவே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொன்றிலும் *#06# அழுத்துங்கள். 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும், இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள். பில்லின் பின்பக்கம் எழுதி வீட்டில் வையுங்கள், அப்பாவுக்கு டைரியில் எழுதிக் கொடுங்கள். போன் தொலைந்தால் எந்தப் பாலிசியும் உள்ளே இருக்கும் வங்கிக் கணக்கைக் காப்பாற்றாது. முதலில் சிம்மை முடக்குங்கள், பிறகு வங்கியை அழைத்து யு.பி.ஐ.யை நிறுத்துங்கள், பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குச் சொல்லுங்கள். காவல் நிலையப் புகாரின் நகல் கைக்கு வந்ததும் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் போட்டு முடக்கக் கேளுங்கள். அதன்பின் நாட்டில் எந்த நெட்வொர்க் சிம்மைப் போட்டாலும் அந்த போன் வேலை செய்யாது. போன் திரும்பக் கிடைத்தால் அதே தளத்தில் முடக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். இதற்கு எவரிடமும் ஒரு ரூபாய் கட்ட வேண்டியதில்லை.